திருத்தப்படாத கொப்பி ஒன்று வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் மலையகப் பாடசாலைகளில் நாட்குறிப்பு ஒரு கட்டுரை வகையாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. திகதியை மேலே இடு, காலையில் எழுந்ததிலிருந்து தொடங்கு, பிழையின்றி முடி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, சிவப்புப் பேனாவால் திருத்திப் புள்ளியும் போடுகிறோம். புள்ளிக்காக எழுதும் பிள்ளை, ஆசிரியருக்குப் பிடித்தமான ஒரு பிள்ளையைத்தான் தாளில் காட்டும். தன்னை அறிவதற்கு நாட்குறிப்பு எழுதுங்கள் என்று இப்போது பலரும் அறிவுரை கூறுவதால் இதை எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தில் ஒருவருடைய வேலைநாள் எழுதப்படாமல் போவதில்லை. பெரட்டுக்கு (காலையில் வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) வந்தாரா, எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், முழுப்பேரா அரைப்பேரா (முழுநாள் கூலியா அரைநாள் கூலியா) என்பதெல்லாம் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் ஏறிவிடும். நிறை குறைந்த அன்று அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சலா, வீட்டில் சண்டையா, மலையே வரட்சியில் காய்ந்து கிடந்ததா என்று எழுத அதில் கட்டம் கிடையாது. அதைத் தன் கையால் எழுதிவைக்கும் பழக்கம் அவருடைய பிள்ளைக்காவது வாய்க்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர்களான ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986 இல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக மாணவர்கள் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், தம்மை வதைத்த அனுபவங்களை எழுதினர். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதிய கையோடு மனம் கனத்தது. ஆயினும் அடுத்து வந்த மாதங்களில், சாதாரண விடயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் மருத்துவ நிலையத்துக்குக் குறைவாகவே சென்றனர். நாளுக்கு நாள் காரணம் தேடும் எழுத்தே கூடுதலாகப் பயன் தந்தது எனப் பின்னைய ஆய்வுகளில் பென்னிபேக்கர் குழுவினர் கண்டனர். "அம்மா ஏசினார்" என்பதோடு நிற்காமல், ஏன் ஏசினார், எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று மறுநாளும் அதே சம்பவத்துக்குத் திரும்பும்போதுதான் பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஏதோ பிடிபடும் என்றே நான் இதை விளங்கிக்கொள்கிறேன். வெறும் புலம்பலைப் பக்கம் பக்கமாக நிரப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஆனால் எழுதியதை எங்கே வைப்பது? என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த கொப்பியை, அவளுடைய அண்ணன் எடுத்து வீட்டார் முன்னிலையில் உரக்க வாசித்துவிட்டான்; அன்றிரவே அவள் அதைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். ஐந்தாறு பேர் படுத்தெழும், தொழிலாளர் வரிசைவீட்டு அறையான லயக் காம்பராவில் இரகசியத்துக்கு இடமில்லை என்பதை அறிவுரை கூறுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகவே பாடசாலையே அந்த இடத்தைத் தரலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் கால் மணி நேரம் போதும். கொப்பிகள் வகுப்பறை அலுமாரியில் பூட்டப்பட வேண்டும். ஆசிரியர் உட்பட எவரும் வாசிக்கமாட்டார்கள் என்பதை அதிபர் பெற்றோர் கூட்டத்திலேயே அறிவிக்க வேண்டும். எழுத மறுக்கும் பிள்ளை சும்மா இருக்கட்டும். செலவைப் பற்றிச் சொல்வதானால், சென்ற ஆண்டுக் கொப்பிகளில் மீந்த தாள்களைத் தைத்தாலே ஆயிற்று. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வகுப்புகளில் இதற்கு நேரமில்லை என்பார்கள். அந்த வகுப்புகளுக்குத்தான் இது முதலில் தேவை என்பேன்.

எழுதும்போது தாங்க முடியாத ஏதேனும் கிளர்ந்தெழுந்தால், பிள்ளை தானாக வந்து பேசுவதற்கு நம்பிக்கையான ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் யார் என்பதை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
ஹட்டன்.