ஆச்சிக்கு: முஹர்ரம் துக்க மாதம்தானா?

அன்புள்ள ஆச்சிக்கு,

நலம்தானே? தம்பியின் நிக்காஹ் தேதியைக் கேட்டதும் "முஹர்ரத்துலயா? அது உங்களுக்குத் துக்க மாசமாச்சே" என்றீர்கள். உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கமே முதல் பத்து நாளில் கல்யாணப் பேச்சே எடுக்காத வீடுகள் உண்டு. 2023-ல் முஹர்ரமும் ஆடியும் சேர்ந்தே வேறு வந்தன. இரண்டும் ஒரே மாதிரி என்று தோன்றியிருக்கும்.

ஆனால் மார்க்கத்தில் அப்படித் தடை கிடையாது. சொல்லப்போனால் இது மதிப்புக் கூடிய மாதம். பன்னிரண்டு மாதங்களில் நான்கு புனிதமானவை என்கிறது குர்ஆன் (9:36). துல்கஅதா, துல்ஹஜ், முஹர்ரம் மூன்றும் வரிசையாக வரும். ரஜப் மட்டும் தனியே. அந்த மாதங்களில் சண்டை கூடாது என்பது நபிகளுக்கு முன்பே அரபு நாட்டில் இருந்த வழக்கம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வழிப்பறிக்குப் பயப்படாமல் மக்கா போய் வீடு திரும்ப வேண்டுமே! கொண்டுவிற்கப் பர்மா வரை கப்பலேறிய குடும்பம் உங்களுடையது. வழிப்பயம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் தில்லுமுல்லும் நடந்திருக்கிறது. அந்தக் கால அரபுகள் முஹர்ரத்தில் அடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக அடுத்த மாதமான சஃபரைப் புனிதமாக வைத்துக்கொள்வார்களாம். அடுத்த வசனமே அதைக் கண்டிக்கிறது.

பத்தாம் நாள் ஆஷூரா. மூஸா நபி எகிப்து மன்னன் பிர்அவ்னிடமிருந்து தப்பிய நாள் என்று மதீனாவின் யூதர்கள் நோன்பிருந்தார்கள். நபிகளும் வைத்தார்கள், எங்களையும் வைக்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் இருந்தால் ஒன்பதாம் நாளும் வைப்பேன் என்றார்கள். அதனால் எங்கள் வீட்டில் இரண்டு நாள். ரமலான் போலப் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுவதில்லை. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம், தண்ணீர், அப்புறம் அடுப்பில் என்ன இருக்கிறதோ அது.

துக்கம் வந்தது பிறகுதான். ஹிஜ்ரி 61, அதாவது 680-ல், அதே பத்தாம் நாள் நபிகளின் பேரர் இமாம் ஹுசைனும் கூட இருந்தவர்களும் இராக்கின் கர்பலாவில் கொல்லப்பட்டார்கள். யூப்ரடிஸ் ஆறு பக்கத்திலேயே ஓடியும் குடிக்கத் தண்ணீர் விடவில்லை. சண்டையே கூடாத மாதத்தில் இதைச் செய்தார்களே என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஷியா பிரிவு முஸ்லிம்கள் இன்றும் அழுகிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்புவனம் பக்கம் முதுவன்திடலில், இந்துக்கள் முஹர்ரத்துக்குப் பூக்குழி இறங்குகிறார்கள்.

அதனால் கல்யாணம் வைக்கலாம், ஆச்சி. இருந்தாலும் ஆஷூரா அன்று பந்தல் போட எனக்கு மனசு வரவில்லை, எங்கள் பாட்டி நன்னிக்கும் சங்கடம். பிறை பதினைந்துக்குப் பேசி முடித்தோம். அன்று வெள்ளிக்கிழமை வருகிறது. நீங்கள் கவிச்சி தொடமாட்டீர்கள் என்று தனிச் சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று.

அன்புடன்,
கீழத்தெருப் பெண்