ராணுவ லாரிக்கு ஸ்டியரிங் பாகம் தேடுபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ராணுவம் கழித்த லாரியை ஏலத்தில் எடுத்துச் சரிசெய்பவர்கள் எஞ்சினுக்கும் பெயிண்டுக்கும் காட்டும் அக்கறையை ஸ்டியரிங்குக்குக் காட்டுவதில்லை, நானும் அப்படி இருந்தவன்தான். என் வண்டியில் சக்கரம் அசையாமலே ஸ்டியரிங் கால் சுற்று ஆடியது. ஸ்டியரிங் பாக்ஸ், அதாவது ஸ்டியரிங் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் கியர் பெட்டி, போய்விட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் பாக்ஸைத் தேடி அலைந்தேன், கடைசியில் பார்த்தால் முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் கம்பியான டை ராடின் முனையிலிருந்த பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டுதான் தேய்ந்திருந்தது!

மாடல் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் கைக்குக் கிடைப்பதைத் தருவார். நேட்டோ நாட்டு வண்டி என்றால் பாகங்களுக்கு 13 இலக்க இருப்பு எண் உண்டு, ஸ்டியரிங் பாகங்களுக்குப் பெரும்பாலும் 2530 என்று தொடங்கும், பராமரிப்புக் கையேட்டில் அதைப் பார்த்துத் தேடுங்கள். எண் கிடைக்கவில்லையா, சரி, பழைய பாகத்தையே கழற்றி எடுத்துப் போங்கள். தண்டின் கூம்புச் சரிவான டேப்பரையும் மரையையும் அளந்து பார்க்க வேண்டும். டை ராடில் பொதுவாக ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை; ஒரே பக்கத்தை இரண்டு தடவை வாங்கி வந்தவன் நான்.

அப்புறம், ஸ்டியரிங் பாக்ஸைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் கம்பி வளைந்திருந்தால் அதைச் சூடாக்கி நிமிர்த்தித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்