பகலில் நாயைப் பால்கனியில் கட்டச் சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் போகிறவர்கள் நாயைப் பால்கனியிலோ கீழே கார் நிறுத்துமிடத்திலோ சங்கிலி போட்டுக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். கூரியர் கொடுக்க வந்த பையன் மேல் ஒரு நாய் பாய்ந்ததற்குப் பிறகு வந்த நோட்டீஸ் அது. அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. முப்பது கிலோ லாப்ரடார் விளையாட்டுக்குத் தாவினாலும் ஆள் விழத்தான் செய்வார். ஆளில்லாத நேரத்தில் நாய் அடைபட்டுத்தான் இருக்க வேண்டும், சரி. ஆனால் பால்கனி அதற்கான இடமே இல்லை.

எங்களுடையதைப் போன்ற ஒன்பது மாத நாய்க்கு உடம்பு வளர்ந்த அளவுக்கு நிதானம் வந்திருக்காது. கீழே பூனை ஓடினால் கைப்பிடிச் சுவரைத் தாண்டிவிடும். சங்கிலியில் கட்டியிருந்தால் கழுத்து இறுகி அந்தரத்தில் தொங்கும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மேற்குப் பார்த்த பால்கனியில், அக்னி நட்சத்திர வெயிலில் அது எப்படிப் போதும்? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவையும் ஒருமுறை பாருங்கள். நியாயமற்ற நேரத்துக்கு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது அதன்படி குற்றம்.

எங்கள் வீட்டில் துணி இஸ்திரி போடும் சின்ன அறையை நாய்க்கு ஒதுக்கியிருக்கிறோம். வாய்க்கு எட்டும் ஒயர், சார்ஜர், பினாயில் பாட்டில் எதுவும் அங்கே கிடையாது. ஜன்னலுக்குக் கம்பி உண்டு, ஃபேன் ஓடும். டைல்ஸில் கால் வழுக்கினால் வளரும் இடுப்புக்குக் கெடுதல் என்பதால் தரை முழுக்க ரப்பர் விரிப்பு. கதவுக் கைப்பிடியை முன்னங்காலால் அமுக்கித் திறக்கக் கற்றுக்கொண்டதும் வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தோம். கிளம்பும் முன் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுவோம், எதிலாவது மாட்டினால் உயிருக்கே ஆபத்து. கனமான பாத்திரத்தில் தண்ணீர், உள்ளே குழிந்த ரப்பர் பொம்மையில் தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைத்தது ஒன்று. அதை நக்கித் தீர்ப்பதற்குள் நாங்கள் கிளம்பிய பதற்றம் அடங்கிவிடுகிறது.

முதல் நாளே கதவைச் சாத்திவிட்டுப் போனால் எந்த நாயும் கத்தும், கதவைப் பிறாண்டும். நாங்கள் வீட்டில் இருக்கும்போதே அந்த அறையில் சாப்பாடு வைத்து, சில நிமிடம் சாத்தி, அழுவதற்குள் திறந்து, மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டிப் பழக்கினோம். இதில் அவசரம் காட்டவே முடியாது. காலையில் நன்றாக நடக்க வைத்துவிட்டால் பகலில் பெரும்பாலும் தூங்கிவிடும்.

அப்புறமும் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த வயதில் ஒன்பது மணி நேரம் சிறுநீரை அடக்கி வைக்கச் சொல்வது கொடுமை. நடுவில் யாராவது வந்து கீழே கூட்டிப்போக வேண்டும். அதற்கு ஆள் பார்த்து வைத்திருக்கிறோம். ஆனால் மதியம் வெளியாட்களை விடக்கூடாது என்று செக்யூரிட்டி அவரைத் திருப்பி அனுப்புகிறார்.

எனவே கட்டச் சொல்லும் விதியை எடுத்துவிடுங்கள். ஆளில்லாத வீட்டில் நாய், தாழ்ப்பாள் உள்ள அறைக்குள் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். கூரியர்காரருக்கும் அதுதான் பாதுகாப்பு. மதியம் நாயை நடத்திப்போக வருகிறவருக்குப் போட்டோ ஒட்டிய கேட் பாஸ் கொடுங்கள். சர்வீஸ் லிஃப்டில் கயிறு பிடித்தே கூட்டிப்போகச் சொல்கிறோம். குரைப்புச் சத்தம் தொந்தரவாக இருந்தால் எங்களுக்கு உடனே போன் போடச் சொல்லுங்கள், மாதக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் குழுவிலிருந்து யார் வந்தாலும் அந்த அறையைத் திறந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்