அறிக்கையில் இல்லாத ஓர் எழுத்து

சிவமயம்

என் மகன் சிரஞ்சீவி லெட்சுமணனுக்கு அப்பச்சி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் ஆத்தாளும் அப்பத்தாளும் நலம். அங்கே உன் நலத்துக்கு வயிரவரை வேண்டிக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய மரபணுப் பரிசோதனை அறிக்கையை முழுவதும் அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து படித்துவிட்டேன். உயிர்வேதியியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவனுக்கு அதில் புரியாதது அதிகம் இல்லை. ஆனால் அறிக்கை சொல்வது ஒன்றாகவும், அதைப் படித்து நீ ஆத்தாளிடம் சொன்னது வேறொன்றாகவும் இருக்கிறது. "அம்மான் மகளை எனக்குப் பெண் பேசுவதை நிறுத்திவிடுங்கள், எனக்கு இதயநோய் மரபணு இருக்கிறது" என்று நீ சொல்லிவிட்டாய். அவள் அன்று முழுதும் ஒன்றும் சாப்பிடவில்லை. தொலைபேசியில் பேசினால் இருவரும் அவசரப்படுவோம் என்பதால் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

உன் அறிக்கையின்படி, எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளுள் ஒன்றில் டி.என்.ஏ.வின் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன. இது 11ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு. இதயத்தசையில், அதைச் சுருங்கச் செய்யும் மயோசின் இழைகளைத் தழுவி நிற்கும் ஒரு புரதத்தை உண்டாக்குவது இதன் வேலை. அந்தப் புரதத்தில் 1,274 அமினோ அமிலங்கள் உண்டு. அவை சி0 முதல் சி10 வரை பதினொரு பகுதிகளாக மடிந்திருக்கின்றன. தலைப்பகுதி இதயத் துடிப்பின் விசையைக் கட்டுக்குள் வைக்கிறது. சி10 என்ற வால்பகுதி புரதத்தை மயோசின் இழையில் நங்கூரமிடுகிறது. உன் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது புரதத்துக்குக் குறிப்புத் தரும் பகுதியில் அன்று. இரண்டு குறிப்புப் பகுதிகளுக்கு இடையே கிடக்கும், இன்ட்ரான் என்னும் வெட்டி எறியப்படும் பகுதியில்தான்.

எறியப்படும் பகுதியில் விடுபட்டால் என்ன கெடுதல் என்று நீ கேட்பாய். நம் ஐயாக்கள் இரங்கூனில் கடை நடத்திய காலத்துக் கணக்கை நினைத்துக்கொள். நாளேட்டில் அன்றாடம் நடந்ததெல்லாம் எழுதப்பட்டிருக்கும். கணக்கப்பிள்ளை அதில் குறியிட்ட வரிகளை மட்டும் எடுத்துப் பேரேட்டில் ஏற்றுவார். செல்லும் அப்படித்தான் டி.என்.ஏ.விலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ. நகலில் இன்ட்ரான்களை வெட்டி நீக்கி, எக்ஸான் என்னும் குறிப்புப் பகுதிகளை மட்டும் ஒட்டிச் சேர்க்கிறது. எங்கே வெட்டுவது என்பதற்கான குறிகள் இன்ட்ரானுக்குள்ளேயே இருக்கின்றன. உனக்கு விடுபட்ட 25 எழுத்துகளுக்குள் அத்தகைய ஒரு குறி இருந்தது. அது இல்லாததால் வெட்டும் இயந்திரம் அடுத்துள்ள 33ஆம் எக்ஸானையும் சேர்த்துத் தாண்டிவிடக்கூடும். அவ்வாறு தாண்டினால் புரதத்தின் கடைசி 62 அமினோ அமிலங்கள் போய், அங்கே சம்பந்தமில்லாத 55 அமினோ அமிலங்கள் வந்து சேரும். நங்கூரமிடும் சி10 பகுதி உருக்குலையும். சோதனைக்கூடத்தில் வளர்த்த செல்களில் அந்தப் புரதம் சரியாகப் பொருந்துவதில்லை என்பதையும் கண்டிருக்கிறார்கள்.

இந்த இழப்பு முதலில் 2003இல், இதயத்தசை தடித்துப்போன இந்தியக் குடும்பங்களில் பதிவானது. பிறகு 2009இல், மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வைத் தொடங்கிய தண்டபாணியும், ஹைதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி. என்னும் உயிரியல் ஆய்வு மையத்தின் குமாரசாமி தங்கராஜும், அயல்நாட்டார் பலரும் சேர்ந்து நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் உலகத்தை உலுக்கியது. இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு பேரிடம் இந்த இழப்பு இருக்கிறது என்றும், இருப்பவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஏழு மடங்கு என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். மதுரையில் தொடங்கிய வேலை என்பதால் அப்போது நானே பெருமையோடு வகுப்பில் இதைப் பேசியிருக்கிறேன். உன் அறிக்கையில் சிவப்பு எழுத்தில் இருக்கும் எச்சரிக்கை முழுவதும் அந்தக் கட்டுரையிலிருந்து வந்ததுதான்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. அறிக்கையை எழுதியவர்கள் அதற்கு மேல் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. நூற்றில் நான்கு பேர் என்பது கொஞ்சமான தொகையா? காரைக்குடிச் சந்தையில் திங்கட்கிழமை கூடும் கூட்டத்தில் எத்தனை பேரிடம் இது இருக்கும் என்று யோசி. தசைத் தடிப்பு நோயோ, உலகக் கணக்கில், ஐந்நூறு பேருக்கு ஒருவரிடம்தான் காணப்படுகிறது. இந்த இழப்பு ஒன்றே நோயை உண்டாக்கப் போதுமானதென்றால் நம் ஊர் மருத்துவமனைகள் இந்நோயாளிகளால் நிரம்பி வழிய வேண்டும், வழியவில்லை. ஆகவே ஆய்வாளர்களுக்கே ஐயம் எழுந்தது. இழப்பு உள்ளவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்க, சிலர் மட்டும் ஏன் நோயுறுகிறார்கள்?

அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் இருந்த சக்திவேல் சடையப்பன் குழுவினர், அங்கே குடியேறிய தெற்காசியர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். 25 எழுத்து இழப்பு மட்டும் உள்ளவர்களின் இதயம் எக்கோ என்னும் ஒலியலைச் சோதனையில் மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆனால் இழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம், அதே மரபணுவில் 389ஆம் அமினோ அமிலத்தை மாற்றும் இன்னொரு வேறுபாடும் சேர்ந்திருந்தது. அவர்களுடைய இதயம்தான் அளவுக்கு மீறிய வேகத்தில் சுருங்கியது. 2020இல் வந்த மற்றொரு ஆய்வு இன்னும் தெளிவான விடையைத் தந்தது. இழப்புக்குத் தொலைவில், மற்றோர் இன்ட்ரானின் உள்ளே, எக்ஸானின் ஓரத்திலிருந்து 52 எழுத்துகள் தள்ளி, ஜி என்ற ஓர் எழுத்து ஏ ஆக மாறியிருக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. அது, குறி இருக்கக்கூடாத இடத்தில் பொய்யான வெட்டுக்குறியை உண்டாக்கி, அந்தப் பிரதியிலிருந்து முழுப் புரதம் கிடைக்காமல் செய்துவிடுகிறது. பழைய காலத்தில் யாரோ ஒருவரிடம் இந்த எழுத்து மாற்றம், 25 எழுத்து இழந்த பிரதியின் மேலேயே ஏற்பட்டு, அவருடைய சந்ததியில் இரண்டும் சேர்ந்தே இறங்கி வந்திருக்கின்றன. இப்படிச் சேர்ந்து வைத்திருப்பவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிப் பார்த்தபோது, இழப்பு மட்டும் உள்ளவர்களுக்கு நோய் கூடுதலாக வருவதாகக் காணப்படவில்லை. பக்கத்தில் நின்றவன் செய்த குற்றத்துக்கு இவன் பெயர் பத்து ஆண்டுகள் கெட்டிருந்தது என்றே சொல்லலாம்.

இப்போது உன் அறிக்கைக்கு வருவோம். கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் பார். எக்ஸான்களையும் அவற்றின் ஓரத்தில் சில எழுத்துகளையும் மட்டுமே படித்ததாக எழுதியிருக்கிறார்கள். 52 எழுத்துகள் உள்ளே இருக்கும் அந்த இடம் அவர்கள் படித்த எல்லைக்குள் வரவே இல்லை. உனக்கு உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைத் தேடாமல், தேவைக்கு மேல் பயமுறுத்தும் ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வேலையில் இந்த அளவு மெத்தனம் கூடாது என்று எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. 389ஆம் இடம் எக்ஸானுக்குள்ளேயே இருப்பதால் அதைப் படித்திருப்பார்கள். அங்கே மாற்றம் ஒன்றும் குறிக்கப்படவில்லை, அது நல்ல செய்தி.

உன் பெரியப்பச்சி ஐம்பத்திரண்டு வயதில் வீட்டு வளவிலேயே சரிந்து விழுந்து இறந்ததை நீ இத்துடன் முடிச்சுப் போட்டிருக்கிறாய். அது வேறு. அவருக்கு ஏற்கெனவே ஆஞ்சியோ எடுத்திருந்தார்கள். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் கொழுப்பு அடைத்திருந்தது. சர்க்கரை இருந்தது, சுருட்டும் இருந்தது, யார் சொல்லையும் கேட்கும் வழக்கம் இல்லாமலும் இருந்தது. எம்ஒய்பிபிசி3 தசையைப் பற்றியது. குழாயைப் பற்றியது அன்று. குழாய் அடைப்பு நம் குடும்பத்தில் உண்டு என்பதை நீ மறக்கக்கூடாது. ஆனால் அதற்கு நீ செய்ய வேண்டியது இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொள்வது.

கல்யாணத்தைப் பற்றி. இங்கேதான் நான் உன்னோடு பாதி ஒத்துப்போகிறேன். நகரத்தாராகிய நாம் ஒன்பது நகரக்கோவில்களில் ஒரே கோவிலைச் சேர்ந்தவர்களைப் பங்காளிகள் என்று கருதிப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொதுவாக இல்லை. இரத்தக் கலப்பைத் தவிர்க்க முன்னோர் செய்த விஞ்ஞான ஏற்பாடு என்று மேடைகளில் பேசுகிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கோவில் தகப்பன் வழியில் மட்டுமே வருகிறது. அம்மான் மகளுக்குக் கோவில் வேறு. ஆனால் அவளுக்கும் உனக்கும் ஆயா ஒருவரே, ஆயா வீட்டு ஐயாவும் ஒருவரே. மரபணு கோவிலைப் பார்த்து இறங்குவதில்லை. அதற்கு மேல், நூற்றுக்கும் குறைவான ஊர்களுக்குள், குறிப்பிட்ட புள்ளிகளுக்குள்ளேயே, அதாவது குடும்பங்களுக்குள்ளேயே, தலைமுறை தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்திருக்கிறோம். இது நமக்கு மட்டும் உரியதும் அன்று. 2017இல் தங்கராஜும் ஹார்வர்டைச் சேர்ந்தவர்களும் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்து, அவற்றுள் 81 குழுக்கள், இதற்குப் பெயர்போன அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்தினரையும்விடக் குறுகிய மூதாதையர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்று காட்டினார்கள். குறுகிய கூட்டத்தில் அரிய மாற்றங்கள் இரு பக்கமிருந்தும் வந்து ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே கணக்கைப் போட்டுப் பார். உன்னிடம் உள்ள பிரதி ஆத்தாளிடமிருந்து வந்ததென்றால், அம்மானிடம் அது இருக்க ஏறக்குறைய இரண்டில் ஒரு பங்கு, அவர் மகளிடம் இருக்க நான்கில் ஒரு பங்கு, உங்களுக்குப் பிறக்கும் குழந்தை இரண்டு பிரதிகளையும் இழந்ததாகப் பிறக்கப் பதினாறில் ஒரு பங்கு வாய்ப்பு. என்னிடமிருந்து வந்ததென்றால் அவளுடைய வாய்ப்பு ஊரில் எவருக்கும் உள்ள நூற்றில் நான்குதான். குழந்தைக்கு நூற்றில் ஒன்று. ஒரு பிரதி இழந்தால் பயமில்லை என்று மேலே சொன்னேன். இரண்டும் இழந்த சிலரிடம் நோய் இளமையிலேயே கடுமையாக வந்ததாகப் பழைய ஆய்வுகளில் பதிவு உண்டு. அதனால் இதைப் பார்க்காமல் விடுவதற்கில்லை. பார்ப்பது மிகவும் எளிது. அந்த இடத்தை மட்டும் பி.சி.ஆர். முறையில் பெருக்கி ஜெல்லில் ஓடவிட்டால், இழப்பு இல்லாதவருக்கு ஒரு பட்டை, உன்னைப் போன்றவருக்கு நீளத்தில் வேறுபட்ட இரண்டு பட்டைகள். நானும் ஆத்தாளும் மதுரைக்குப் போய் இரத்தம் கொடுக்க முடிவு செய்துவிட்டோம்.

அம்மானிடம் இதை மறைக்க வேண்டும் என்று உன் சின்னப்பச்சி சொல்கிறார். பெண் வீட்டாருக்குத் தெரிந்தால் நம் புள்ளிக்கே பெயர் கெடும் என்பது அவர் கவலை. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இசைகுடிமானம் என்னும் கல்யாண ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு, சாதகத்தைப் பார்ப்பதுபோல இதையும் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அம்மான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர் என்றாலும் கணக்கில் புலி. பதினாறில் ஒன்றும் நூற்றில் ஒன்றும் என்ன என்று அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேசும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். பெண்ணிடம் நீயே பேசு. அவள் சம்மதம் இல்லாமல் அவளுடைய இரத்தத்தை யாரும் எடுக்கக்கூடாது.

நீ செய்ய வேண்டியவை இவை. அங்கேயுள்ள இதய மருத்துவரிடம் ஓர் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடு. இடது கீழறையின் சுவர்த் தடிப்பை எழுதித் தரச் சொல். பரிசோதனை நிறுவனத்துக்கு எழுதி, 52 எழுத்துகள் தள்ளியிருக்கும் அந்த இடத்தை, அதாவது சி.1224-52 என்ற இடத்தைப் படித்தார்களா என்று கேள். படிக்கவில்லை என்றால், அந்த ஓர் இடத்தை மட்டும் தனியாகப் படித்துத் தரும் கூடம் ஒன்றை மருத்துவரே காட்டுவார்.

ஒருவேளை அங்கே ஏ என்று வந்தாலும் திகைக்காதே. இந்தத் துறை நான் பாடம் நடத்திய காலத்தில் இருந்தது போல் இல்லை. 2023இல் இரண்டு குழுக்கள் இதயத்தசையின் மயோசின் இழையை, இந்தப் புரதம் அதைத் தழுவியிருக்கும் நிலையிலேயே, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விரிவாகப் படம்பிடித்துவிட்டன. மயோசினின் மிகைவேகத்தைத் தணிக்கும் மாவகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குறைபட்ட எம்ஒய்பிபிசி3க்குப் பதிலாக நல்ல பிரதியை வைரஸ் வழியாக இதயத்துக்கு அனுப்பும் சோதனை மனிதர்களில் நடந்துவருகிறது. முடிவுகள் முழுமையாக வர நாளாகும். உனக்கு அவற்றின் தேவையே இராது என்பது என் கணிப்பு.

எக்கோ அறிக்கை வந்ததும், படமாக எடுத்து அனுப்பாமல் மூலக் கோப்பாகவே அனுப்பு. படத்தில் எண்கள் மங்கிவிடுகின்றன. இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நான் எழுதுகிறேன். அதுவரை அம்மான் வீட்டில் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நாளும் குறிக்கவில்லை. ஆத்தாளுக்கு இன்றைக்கே போன் செய்.

இப்படிக்கு,
அப்பச்சி
காரைக்குடி