உதைக்கிற இடம்

அன்புள்ள கண்ணு,

நீட் மாதிரித் தேர்வில் 338 மார்க் என்று சொல்லிவிட்டு நேற்று போனை வைத்துவிட்டாய். அப்பா மறுபடியும் கூப்பிடப் போனார், நான்தான் விடச் சொன்னேன். அழுகிற நேரத்தில் ஆறுதல் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும்.

நீ அனுப்பிய கேள்வித்தாளையும், விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓ.எம்.ஆர் தாளையும் மில்லுக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்தேன். எனக்கு இயற்பியல் எங்கே தெரியும்? ஆனால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று தேடுவதுதானே மில்லில் என் வேலை. 101 சரி, 66 தப்பு, 13 விட்டது. சரிக்கு 4 மார்க், தப்புக்கு 1 கழியும். 404இல் 66 போக 338. நீ சிவப்பு மையில் எழுதிவைத்த சரியான விடைகளோடு அந்த 66ஐ மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அதில் 12 கேள்வி உனக்குத் தெரிந்ததுதான். ஐந்தில் 'தவறான கூற்று எது' என்று கேட்டிருக்கிறார்கள், நீ கண்ணில் முதலில் பட்ட சரியான கூற்றுக்கு டிக் போட்டிருக்கிறாய். நான்கில் சூத்திரம் சரி, சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை. அப்படி வருகிற தப்பு விடையையும் ஆப்ஷனில் வைத்திருக்கிறார்கள், விவரமானவர்கள். மீதி மூன்றுதான் வயிற்றெரிச்சல். கேள்வித்தாளில் டிக் சரியாக இருக்கிறது, ஓ.எம்.ஆரில் பக்கத்து வட்டம் கறுத்திருக்கிறது. பால்பாயின்ட் பேனாவில் நிரப்பியதை அழிக்கவும் முடியாது.

தப்பு ஒன்று சரியானால் 4 வரும், கழிகிற 1ம் மிச்சம். 12க்கு 60. அதாவது 398, புதிதாக ஒரு பக்கம்கூடப் படிக்காமல்.

குருட்டாம்போக்கில் அடித்ததுதான் காலை வாரிவிட்டது என்றாய். அது இல்லை கண்ணு. நாலு கேள்வியை அப்படி அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 4இல் 3 போய் 1 நிற்கும். பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

அந்த மூன்று ஓ.எம்.ஆர் தப்பும் உயிரியலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. இயற்பியலைப் பயந்து பயந்து முதலில் எடுத்து, நேரத்தை அங்கேயே கரைத்துவிட்டு, 360 மார்க் உள்ள உயிரியலை அவசர அவசரமாக முடித்திருக்கிறாய். அடுத்த டெஸ்டில் உயிரியலை முதலில் எடு. 90 கேள்வியை 50 நிமிஷத்தில் முடிக்கப் பார். ஒரு பக்கம் முடிந்ததும் அந்தப் பக்கத்து வட்டங்களை நிரப்பிவிட்டு அடுத்ததைத் திருப்பு. பெரியம்மா மகள் சொன்ன டைம் டேபிளை விட்டுவிடு. அவள் 2024இல் எழுதினாள், அப்போது 200 நிமிஷம், சாய்ஸும் உண்டு. 2025இலிருந்து 180 கேள்வி, 180 நிமிஷம், சாய்ஸ் கிடையாது.

நிஜமாகவே தெரியாத கேள்விகளுக்கு என்.சி.இ.ஆர்.டி பாடப்புத்தகத்தைத் திறப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அதை உங்கள் சார் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

அப்புறம், ஹாஸ்டல் வாசலில் ரேங்க் லிஸ்ட் ஒட்டினால் போய் நிற்காதே. பேர் எத்தனையாவது என்று பார்த்து ஒரு மார்க்கும் ஏறப்போவதில்லை. எனக்கு அந்த வழக்கமே பிடிக்கவில்லை.

அப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அம்மாயி முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாள், ரூமில் எல்லோருக்கும் கொடு. அடுத்த டெஸ்ட் முடிந்ததும் மார்க்கைச் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேப்பரை அனுப்பு. சிவப்பு மையில் எழுத மறந்துவிடாதே, அது இல்லாமல் எனக்கு ஒன்றும் புரியாது.

அன்புடன்,
அம்மா