பாப்பாவுக்கு, பள்ளிக்கரணையிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அண்ணன் அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ராத்திரி கண் விழிக்காதே.

எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. ரேடியல் ரோட்டில் நீ எப்போதும் நின்று சதுப்பைப் பார்க்கிற இடத்துக்கு நேர் எதிரே, தண்ணீரில் மிதக்கும் இலைமேல் நடக்குமே, அந்த நீளவால் இலைக்கோழி குஞ்சு பொரித்திருக்கிறது. நாலு குஞ்சு. முட்டையிட்டதோடு பெட்டை போய்விடும், அடைகாப்பதும் வளர்ப்பதும் ஆண்தான் என்று எட்டாவது படிக்கும்போது நீ சொன்னாய். அன்றைக்கு நான் நம்பவில்லை. இப்போது கண்ணால் பார்த்தேன். மேலே பருந்து வந்ததும் தகப்பன் ஒரு குரல் கொடுத்தது. நாலும் அசையாமல் இலையோடு இலையாகப் படுத்துவிட்டன. அங்கேயே பைனாகுலரை வைத்திருந்தும் எனக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை. பருந்து போய் வெகுநேரம் கழித்து ஒரு குஞ்சு மெல்ல எழுந்து காலை எடுத்து வைத்தது. அந்தச் சின்ன உடம்புக்கு எவ்வளவு நீளமான விரல்கள்! இலை துளிகூட அமுங்கவில்லை.

ஆமாம், உன் பைனாகுலர்தான். பொங்கலுக்கு வந்தபோது அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போனாயே. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு இருட்டிலேயே கிளம்பி ஓடுகிறவள் இந்த முறை வாசலைத் தாண்டவில்லை. 'இனிமே எண்ண என்னப்பா இருக்கு' என்றாய். எதுவும் கேட்காதே என்று அம்மா ஜாடை காட்டினாள். நானும் கேட்கவில்லை.

நீ சொன்னதில் தப்பில்லை. 50 சதுர கிலோமீட்டர் இருந்த சதுப்பில் கொஞ்சம்தான் மிச்சம் என்று எனக்குக் கணக்குச் சொன்னதே நீதான். ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள். நான் நின்று பார்க்கிற ரோடே சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போட்டதுதான். தென்சென்னை ஏரித் தண்ணீரெல்லாம் இங்கே வந்துதான் ஒக்கியம் மடுவுக் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். 2015 டிசம்பரில் அது போக வழியில்லாமல் நம் வீட்டு மாடிப்படி வரை ஏறியதை நான் மறந்துவிடவில்லை.

ஆனால் 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது சும்மா கிடைத்ததா? சுற்றுவட்டார மக்கள் விடாமல் கேட்டு வாங்கியது. 2022-ல் 1,247 ஹெக்டேர், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது. அன்றைக்கு நீ போனில் அழுதாய். காகிதத்தில் ஏறிவிட்டால் மட்டும் பறவை பிழைத்துவிடாதுப்பா என்றும் நீதான் சொன்னாய். சரி. இருந்தாலும், இங்கே இன்னின்ன பறவை இருக்கிறது என்று யாராவது பார்த்து எழுதி வைத்தால்தானே அதைக் காட்டி நியாயம் கேட்க முடியும்? இத்தனை வருஷம் நீ எழுதி வைத்தது சின்ன வேலை இல்லை. வண்டியை நிறுத்தி 'என்ன சார் பாக்கறீங்க' என்று கேட்கிறவர்களிடம், என் பொண்ணு சொல்லிக்கொடுத்தது என்றுதான் நான் ஆரம்பிக்கிறேன். அப்படிப்பட்டவள் பார்ப்பதையே விட்டுவிட்டால் கோபம் வராதா?

உண்மையைச் சொன்னால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். பறவைகளை விடு. நீ எங்களிடமே பேசுவதில்லை. ஆபீஸில் வேலை அதிகம் என்று நீ அனுப்புகிற மெசேஜை அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை.

பெங்களூரிலும் பக்கத்தில் ஏதாவது ஏரி இருக்கும். காலையில் அரை மணி நேரம் போய் நின்றுவிட்டு வா. எண்ண வேண்டாம், எழுத வேண்டாம். வந்து வயிறாரச் சாப்பிடு.

பைனாகுலரைத் துடைத்து, துணி சுற்றி, பெட்டியில் வைத்துவிட்டேன். கூரியர் போட உன் விலாசம் வேண்டும். நீ வீடு மாறிவிட்டதாக அண்ணன் சொன்னான். என்னிடம் இருப்பது பழையது. விலாசத்தை மெசேஜில் அனுப்பாதே, போன் பண்ணிச் சொல். எந்த நேரமானாலும் எடுப்பேன்.

அப்பா