பத்து கியர் விவகாரம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கோவைக் கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். "அந்த ஒர்க்ஷாப்காரருக்கு ஆறு கியர் பாக்ஸ் வரைக்கும்தான் தெரியும், பத்து கியர் என்றதும் கையை விரித்துவிட்டார்" என்கிறது அந்தக் குரல். பலர் அதை எனக்கே அனுப்பி "என்னங்க இது?" என்று கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நடந்தது இதுதான். 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்று நம்மிடம் வந்தது. ஆறு கியர் ஆட்டோமேட்டிக். அந்தப் பாக்ஸை இறக்கிவிட்டு, 2018 மாடலில் வந்த பத்து கியர் பாக்ஸை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பூட்டித் தாருங்கள், வண்டி பறக்க வேண்டும் என்றார் உரிமையாளர். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்பதையும் உட்காரவைத்துச் சொன்னேன். மெசேஜில் அந்தப் பகுதி மட்டும் இல்லை.

கியர் கூடினால் பிக்கப் கூடுமா? கூடும். அதை நான் மறுக்கவே இல்லை. அந்த 5 லிட்டர் வி8 இன்ஜின் முழு டார்க்கை, அதாவது சுழற்றும் பலத்தை, தருவது 4,250 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) பக்கம், முழுப் பவரைத் தருவது 6,500 பக்கம். ஆறு கியர் பாக்ஸில் முதல் கியரின் விகிதம் 4.17, அதாவது பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டு ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 4.17 சுற்று சுற்றும். இரண்டாவது 2.34. 6,500-இல் கியர் மாறினால் ஆர்பிஎம் முள் சுமார் 3,650-க்கு விழும். பத்து கியரில் முதலாவது 4.70, இரண்டாவது 2.99. அதே 6,500-இல் மாறினால் 4,130 பக்கம் நிற்கும். அடுத்தடுத்த மாற்றங்களில் இன்னும் மேலேயே நிற்கும். இன்ஜின் தன் பலம் உள்ள இடத்தை விட்டு இறங்குவதே இல்லை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது இது நன்றாகவே தெரியும்.

ஆனால் பத்தும் அதற்காக இல்லை. ஏழாவது கியர் நேர் விகிதம், 1.00. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஓவர்டிரைவ். ஹைவேயில் ஆர்பிஎம்மைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்த வைத்தவை. பழைய பாக்ஸின் ஆறாவது 0.69, புதியதன் பத்தாவது 0.64. பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். மாடிப்படிகளைக் கூட்டினால் ஒவ்வொரு படியும் தாழ்வாகும், மாடி அதே உயரத்தில்தான் இருக்கும். 2018 மஸ்டாங் வேகமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் அந்த ஆண்டு இன்ஜினே 435 குதிரைத்திறனிலிருந்து 460-க்கு ஏறியது. அதையும் சேர்த்துப் பத்து கியரின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

எண்ணிக்கைதான் வேகம் என்றால் போர்ஷே என்ன செய்திருக்க வேண்டும்? இன்றைய 911-இன் சாதாரண மாடல்களில் எட்டு கியர் பிடிகே (போர்ஷேயின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் பாக்ஸ்). ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த ஜிடி3-யிலோ ஏழு கியர். எடை குறைவு என்பதற்காகவே அதை வைத்தார்கள். நிசான் ஜிடி-ஆர் 2007-இல் அறிமுகமானதிலிருந்து கடைசி வரை ஆறு கியரோடுதான் ஓடியது. அதை யாரும் மெதுவான வண்டி என்று சொன்னதில்லை. நம் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் வாடிக்கையாளர்களுக்கும் இது புரியும். 2017-இல் வந்தது ஆறு கியர் டிஎஸ்ஜி (இதுவும் இரட்டைக் கிளட்ச் பாக்ஸ்தான்), 230 பிஎஸ் (குதிரைத்திறன்). மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட கம்பெனி சொன்னது 6.8 விநாடி. 2020-இல் வந்தது ஏழு கியர், 245 பிஎஸ், 6.6 விநாடி. கூடுதல் பவரும் சேர்ந்தே அவ்வளவுதான். 2017 வண்டியின் டர்போ இன்ஜின் 1,500-இலிருந்து 4,600 ஆர்பிஎம் வரை ஒரே டார்க்கைத் தருகிறது. முள் கொஞ்சம் விழுந்தால் என்ன நஷ்டம்?

இனி வேறு பாக்ஸைப் பூட்டும் விஷயம். போல்ட் போட்டு ஏற்றுவது பெரிய காரியமில்லை. கியர் மாறும் ஒவ்வொரு முறையும் பாக்ஸின் கம்ப்யூட்டர் இன்ஜினிடம் டார்க்கைக் குறைக்கச் சொல்லும், இன்ஜின் கேட்க வேண்டும். இரண்டும் வேறு வேறு தலைமுறை என்றால் அந்தப் பேச்சு ஒழுங்காக நடக்காது. பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகள் கருகும். பத்து லட்சத்தை வாங்கி அந்த வேலையைச் செய்திருக்கலாம். வாங்க எனக்கு மனம் வரவில்லை. அதைத்தான் கையை விரித்துவிட்டார் என்கிறார்கள்.

"தெரியாது" என்ற சொல்தான் ரொம்ப வலித்தது. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்யும் எட்டு கியர் பாக்ஸுக்கு ஆயில் மாற்றும்போது நம் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். லிஃப்டில் வண்டியை மட்டமாக நிறுத்தி, இன்ஜின் ஓட, ஆயில் சூடு 30-க்கும் 50 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போது மட்டுமே லெவல் பார்ப்பார்கள். நிரப்பும் துளையில் வழிவது நூலாக மெலிந்து சொட்டாகும்வரை காத்திருப்பார்கள். கழற்றிய ஆயில் பேனின் (பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டின்) காந்தத்தில் ஒட்டிய சாம்பல் பசையைத் துடைத்து உங்கள் கையிலேயே காட்டுவார்கள். 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று ஷோரூமில் சொன்னாலும், 80,000-இலிருந்து 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வது இசட்எஃப் நிறுவனமேதான். அந்த ஆயிலை மாற்றியதும் கியர் எவ்வளவு மிருதுவாக மாறுகிறது என்று போன் செய்து சொன்னவர்கள் நீங்கள்தான்.

இந்த மெசேஜ் வந்த பிறகும் வண்டியை நம்பி விட்டவர்களுக்கும், குழுக்களில் நமக்காக வாதாடியவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்குப் போகும் முன் ஒரு தடவை நம்மிடம் காட்டிவிட்டுப் போகும் தம்பிகளுக்குத் தனியாக நன்றி. உங்கள் பேச்சுதான் நமக்கு விளம்பரம்.

இறக்குமதி ஆயிலும் ஸ்கேனர் சந்தாவும் ஏறியிருப்பதால் லேபரில் சிறு மாற்றம் அடுத்த மாதம் முதல் வருகிறது. மூத்த மெக்கானிக் துபாய்க்குப் போய்விட்டதால் பாக்ஸ் இறக்கும் வேலைக்கு மட்டும் முன்பதிவு தேவைப்படும். ஆயில் சர்வீஸ் வழக்கம்போல அன்றன்றே முடியும்.

மஸ்டாங் உரிமையாளருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லைங்க. வண்டியைக் கொண்டுவாருங்கள். பாக்ஸ் ஆயில், நல்ல பின் டயர், பின் ஆக்ஸிலில் கொஞ்சம் குட்டையான ஃபைனல் டிரைவ் விகிதம் (சக்கரத்துக்குப் போகும் கடைசிப் பல்சக்கர ஜோடியை மாற்றி இழுவையைக் கூட்டுவது): இந்த மூன்றுக்கும் எஸ்டிமேட் எழுதி வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட பத்து கியர் செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

அன்புடன்,
ஒர்க்ஷாப் உரிமையாளர்,
கோயம்புத்தூர்